கறுத்த சுருட்டு என்றால் காட்டமான சுருட்டா?

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், இரவுச் சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு சுருட்டு. ஒன்று பால் அதிகம் விட்ட டீயின் நிறம், இன்னொன்று கருப்பட்டி நிறம். மாமா ஒரே பார்வையில் முடிவு பண்ணிவிட்டார். "கறுப்பு உனக்கு, எனக்கு வெள்ளை. இந்த வயசுல காட்டமெல்லாம் ஒத்துக்காது" என்று வெளிர் நிறத்தை எடுத்துக்கொண்டார். பாதி எரிவதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டார். கருப்பட்டி நிறத்தைப் பிடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா செய்த தவறைத்தான் சுருட்டைப் புதிதாகப் பார்க்கிற ஏறக்குறைய எல்லோரும் செய்கிறோம். நிறத்தைப் பார்த்துக் காட்டத்தைச் சொல்கிறோம். விலையைப் பார்த்துத் தரத்தைச் சொல்கிறோம். கியூபா என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, அதுதான் உசத்தி. கடைக்காரர்களும் 'ஸ்ட்ராங்', 'மைல்ட்', 'ரிச்' என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், இரண்டு சுருட்டை நியாயமாக ஒப்பிட முடியும்.

முன்கூட்டியே ஒன்று: இது புகைப்பழக்கத்துக்கு அழைப்பு இல்லை. உடம்புக்கு என்ன ஆகும் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

டிகாஷனிலிருந்து தொடங்கலாம்

வீட்டில் காபி போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். சிக்கரி கலந்த டிகாஷன் கன்னங்கரேல் என்று இறங்கும், கெட்டியாகவும் இருக்கும். ஆனால் சிக்கரியில் கஃபீன் கிடையாது. ரொபஸ்டா கொட்டையில் அரபிக்காவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு, அதை லேசாக வறுத்தால் நிறம் வெளிறித்தான் இருக்கும். ஆக, கோப்பையில் தெரியும் கறுப்பு வேறு, நாக்கில் படும் கெட்டித்தன்மை வேறு, தூக்கத்தைக் கெடுக்கும் சமாச்சாரம் வேறு.

சுருட்டிலும் இப்படி மூன்று உண்டு. இந்தக் கட்டுரை முழுக்க அவற்றை இந்தப் பெயர்களில் அழைக்கிறேன். காட்டம் என்றால் நிகோடின் உடம்பில் செய்யும் வேலை. அது தலையிலும் வயிற்றிலும் தெரியும். கனம் என்றால் புகை வாயில் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பது. நீர்மோருக்கும் கெட்டித் தயிருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. சுவை என்றால் என்ன ருசி, என்ன மணம் என்பது. காட்டம் குறைந்து கனம் கூடிய சுருட்டு உண்டு, கனமே இல்லாமல் ஆளைக் கவிழ்க்கும் சுருட்டும் உண்டு.

ஒரு சுருட்டுக்குள் எத்தனை இலை

'சுருட்டு' நம் சொல். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஆனது இந்தத் தமிழ்ச் சொல்தான். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய சுருட்டு வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்து வரை போனது. யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தென்னிலங்கை முழுக்கக் கடை இருந்தது. செரூட் இரண்டு முனையும் நேராக வெட்டப்பட்டு, அப்படியே பற்றவைக்கத் தயாராக இருக்கும். உலகச் சந்தையில் 'பிரீமியம்' என்று விற்கும் சுருட்டு கொஞ்சம் வேறு. அதன் வாய்ப்பக்க முனையை ஒரு துண்டு இலையால் மூடி ஒட்டியிருப்பார்கள். பிடிப்பதற்கு முன் அந்தத் தொப்பியை மட்டும் மெலிதாக வெட்ட வேண்டும்.

'பிரீமியம்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம். தொழில் தெரிந்தவர்கள் அந்தச் சொல்லால் சொல்வது இதைத்தான்: கையால் சுற்றியது, முழுக்கப் புகையிலை, உள்ளே பொடியோ நறுக்கலோ இல்லாமல் சுருட்டின் நீளத்துக்கு முழு இலை.

அந்த இலைகள் மூன்று வேலை செய்கின்றன. நடுவில் மடித்து வைக்கப்படுவது உள் இலை. இரண்டு மூன்று வகை இலைகளைக் கலந்துதான் இதை அடுக்குவார்கள். அதைச் சுற்றிப் பிடித்து உருவம் கொடுப்பது பிடி இலை. எல்லாவற்றுக்கும் வெளியே, கண்ணுக்குத் தெரிவது போர்வை இலை. போர்வை எடையில் மிகக் குறைவு, விலையில் மிக அதிகம். ஓட்டை, கிழிசல், தடித்த நரம்பு எதுவும் இல்லாமல் பட்டுத்துணி மாதிரி இருக்க வேண்டும் என்பதால் அதற்கென்று தனியாகப் பயிர் வைக்கிறார்கள்.

நாம் கடையில் பார்ப்பது போர்வையின் நிறத்தை மட்டும்தான். சுருட்டில் பெரும்பகுதி உள் இலை, அது கண்ணில் படுவதே இல்லை. மாமா ஏமாந்த இடம் இதுதான்.

காட்டம் எங்கிருந்து வருகிறது

புகையிலைச் செடி நிகோடினை வேரில் தயாரித்து மேலே இலைகளுக்கு அனுப்புகிறது. பூச்சி தின்னாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் விஷம் அது. பூங்கொத்து எட்டிப்பார்க்கும்போது விவசாயி செடியின் தலையைக் கிள்ளிவிடுவார். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும், நிகோடினும் ஏறும். உச்சியில் இருக்கும் இலைகளுக்கு வெயில் நேராகப் படுவதால் அவை தடித்து, பிசுபிசுப்பாகி, நிகோடின் அதிகமாகச் சேர்ந்து நிற்கும். அடியில் இருக்கும் இலைகள் மெல்லியவை, சாதுவானவை.

அறுவடையும் மொத்தமாக நடக்காது. பெரும்பாலும் அடியிலிருந்து மேலே, சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று இலைகளாகப் பறிப்பார்கள். கியூபாவில் இந்த அடுக்குகளுக்குப் பெயர் உண்டு. அடி இலை வொலாடோ, அது நன்றாக எரிய உதவும். நடு இலை செகோ, மணம் தருவது. உச்சி இலை லிஹேரோ, காட்டம் தருவது, மெதுவாக எரிவது. ஸ்பானிய மொழியில் லிஹேரோ என்றால் 'லேசானது' என்று பொருள்! அகராதியைப் பார்த்து யாரும் லிஹேரோ வாங்கிவிடக் கூடாது.

இந்த மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் சுருட்டு செய்பவரின் கைப்பக்குவம். லிஹேரோ கூடினால் காட்டம் கூடும். மெதுவாக எரியும் என்பதால் அதை நட்டநடுவில் வைத்துச் சுற்றுவார்கள். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கமாகக் கோணி எரியும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

பறித்த பச்சை இலையைக் கோத்து, காற்றோட்டமான கொட்டகையில் தொங்கவிடுவார்கள். பல வாரங்கள் தொங்கி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். இது வெறும் உலர்த்தல். அடுத்ததுதான் பெரிய வேலை: புளிக்கவைத்தல்.

வைக்கோலை ஈரம் காயாமல் போராகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஊர்ப்பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு நாள் கழித்து உள்ளே கையை விட்டால் சுடும். புகையிலையை லேசாக ஈரப்படுத்தி ஆள் உயரத்துக்கு அடுக்கினாலும் அதேதான், யாரும் தீ வைக்காமலே உள்ளே சூடு ஏறும். அடுக்கின் நடுவே வெப்பமானியைச் செருகி வைத்திருப்பார்கள். சூடு எல்லையைத் தொட்டதும் மொத்த அடுக்கையும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். அந்தக் கூடத்தில் அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும். இலையில் இருந்த கசப்பும் முரட்டுத்தனமும் இப்படித்தான் வெளியேறுகின்றன. நிகோடினிலும் ஒரு பங்கு குறைகிறது.

போர்வை இலை கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. தடித்த இலையை எடுத்து, கூடுதல் சூட்டில், கூடுதல் நாள் புளிக்கவைத்தால் அது கருப்பட்டி நிறத்துக்குப் போகும். அதை மதூரோ என்கிறார்கள், ஸ்பானியத்தில் 'பழுத்தது' என்று பொருள். பழுத்த பழம் மாதிரியே அதில் ஒரு இனிப்புச் சாயல், கொஞ்சம் கோகோ, கொஞ்சம் வறுத்த காபி வரும். வெளிர் நிறத்துக்குப் புகழ்பெற்றது அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கு. அங்கே 1900ஆம் ஆண்டு முதல் வயலுக்கு மேலே துணிப் பந்தல் போட்டு, நிழலில் இலை வளர்க்கிறார்கள். வெயில் குறைவதால் இலை மெலிதாக, பழுப்புப் பொன்னிறமாக வருகிறது. சுவை வெண்ணெய், வைக்கோல், வறுத்த முந்திரி என்று சாதுவான பக்கம் நிற்கும்.

சரி, இதுவரை பார்த்ததைக் கூட்டிப் பார்ப்போம். காட்டத்தைப் பெரிதும் முடிவு செய்வது உள் இலை செடியின் எந்த உயரத்தில் விளைந்தது என்பது. நிறத்தை முடிவு செய்வது போர்வை இலை எப்படி வளர்ந்தது, எவ்வளவு புளித்தது என்பது. ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது.

புகையை விழுங்காமலே தலை சுற்றுவது ஏன்

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயில் வைத்து ஊதிவிட வேண்டும். மாமாவும் அப்படித்தான் செய்தார். அப்புறம் எப்படி நிகோடின் ஏறியது?

வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். சுண்ணாம்பு இல்லாமல் போடமாட்டார்கள். சுண்ணாம்பு காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்க் குணம்) உள்ளது, அது பட்டால் நிகோடின் விடுபட்டு வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்கும். சுருட்டுப் புகையிலும் இதே கதைதான். காற்றில் உலர்ந்து புளித்த இலையில் சர்க்கரை மிகக் குறைவு, அதன் புகை காரத்தன்மையோடு வருகிறது. சிகரெட்டுக்குப் பயன்படும் இலையில் பெரும்பகுதி சூட்டறையில் வேகமாக உலர்த்தியது. சர்க்கரை தங்கிவிடுவதால் புகை லேசான அமிலத்தன்மையில் இருக்கும், நுரையீரல் வரை போனால்தான் நிகோடின் நன்றாக ஏறும். அதனால்தான் சிகரெட்காரர் உள்ளே இழுக்கிறார், சுருட்டுக்காரருக்கு வாயே போதுமாக இருக்கிறது.

'உள்ளே இழுக்கவில்லை, அதனால் ஆபத்து இல்லை' என்று பலர் நம்புவது தவறு என்பதும் இதிலிருந்தே தெரியும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு முழு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வருவதற்குச் சுருட்டு ஒரு காரணம் என்பது உறுதியான விஷயம். அடிமைப்படுத்தும் குணமும் உண்டு. கையால் சுற்றியதா, இயற்கை இலையா, விலை உயர்ந்ததா என்பதெல்லாம் இதை மாற்றாது. இதுவரை தொடாதவர் தொடாமலே இருப்பது நல்லது என்பதை முழு மனதோடு சொல்கிறேன். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே, இலங்கையில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது குற்றம்.

பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்கள்

பங்கனப்பள்ளி என்பது ஆந்திராவில் ஒரு ஊர். ஆனால் கிருஷ்ணகிரித் தோட்டத்தில் விளைந்த பழத்தையும் பங்கனப்பள்ளி என்றுதான் வாங்குகிறோம். சுருட்டிலும் ஊர்ப்பெயர் பல நேரம் விதையின் பெயர். 'எக்குவடோர் கனெக்டிகட்' என்றால் கனெக்டிகட் விதை, எக்குவடோர் மண். அங்கே வானம் எப்போதும் மேகமூட்டமாக இருப்பதால் துணிப் பந்தலே தேவைப்படுவதில்லை. 'ஹபானோ' என்று நிகராகுவா சுருட்டில் பார்த்தால், கியூபா விதையின் வம்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கியூபாவில் விளைந்தது என்று அல்ல.

இதைவிடப் பெரிய குழப்பம் பிராண்டு பெயர். 1960இல் கியூபாவின் புதிய அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை நாட்டுடைமை ஆக்கியது. பல முதலாளிகளும் கைதேர்ந்த தொழிலாளர்களும் டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா, புளோரிடா என்று கிளம்பிப் போனார்கள். 1962 பிப்ரவரியில் அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தையே தடை செய்தது. (அந்த ஆணையில் கையெழுத்திடுவதற்கு முந்தைய இரவு தனக்கு 1,200 கியூபச் சுருட்டு வாங்கிவரும்படி அதிபர் கென்னடி சொன்னதாக அவருடைய செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.) பெயர்கள் இரண்டு பக்கமும் தங்கிவிட்டன. 1845இல் ஹவானாவில் தொடங்கிய பார்த்தகாஸ் கியூபாவிலும் உண்டு, டொமினிகன் குடியரசிலும் உண்டு. மோன்டே கிறிஸ்டோவும் அப்படியே. பெயர் ஒன்று, நிறுவனம் வேறு, இலை வேறு, ருசி வேறு. இது போலி இல்லை. இரண்டும் அந்தந்தச் சந்தையில் சட்டப்படி விற்கும் சரக்கு. ஆனால் ஒன்றைப் பிடித்துவிட்டு மற்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நாட்டு அளவில் பொதுவாகச் சொன்னால், டொமினிகன் குடியரசின் சிபாவ் பள்ளத்தாக்கு இலை மென்மைக்குப் பெயர் பெற்றது. நிகராகுவாவின் எஸ்தெலிப் பகுதி எரிமலை மண்ணில் விளைவது மிளகுக் காரத்துக்கும் காட்டத்துக்கும். கியூபாவின் வுவெல்தா அபாஹோ மண்ணுக்கு உலகம் தரும் மரியாதை நியாயமானதுதான். ஆனாலும் கியூபச் சுருட்டு எல்லாமே காட்டமானது என்பதோ, கியூபாவுக்கு வெளியே நல்ல சுருட்டு இல்லை என்பதோ பழைய பேச்சு. இன்று எஸ்தெலியில் சுற்றும் நல்ல சுருட்டு எதற்கும் குறைந்ததில்லை என்பது என் எண்ணம்.

அளவு

நீளத்தை அங்குலத்தில் சொல்வார்கள். பருமனுக்கு 'ரிங் கேஜ்' என்று ஒரு எண் உண்டு, ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்பது. ரொபஸ்டோ என்ற வகை ஏறக்குறைய 5 அங்குல நீளம், 50 ரிங். அதாவது குறுக்களவு 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. லான்செரோ ஏழரை அங்குலம், 38 ரிங், பென்சில் போல ஒல்லி.

தடியானது காட்டமானது என்று நினைக்க வேண்டாம். பருமன் மாற்றுவது விகிதத்தை. சுருட்டு ஒல்லியாக ஆக, உள் இலையோடு ஒப்பிடும்போது போர்வையின் பங்கு கூடும். 54 ரிங் சுருட்டைவிட 38 ரிங் சுருட்டில் அந்தப் பங்கு ஏறக்குறைய 1.4 மடங்கு. அதனால் போர்வையின் ருசி ஒல்லியில் தூக்கலாகத் தெரியும். ஒரே கலவையை இரண்டு அளவில் சுற்றினாலும் இரண்டு ருசி வருவது இதனால்தான். மொத்தப் புகையிலை மட்டும் தடியில் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒப்பிடுவது எப்படி

ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் ஊற்றலாம். மாவு ஒன்றுதான் என்று தெரிந்தால்தான் கல் என்ன செய்தது என்று புரியும். சுருட்டிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே அளவில், ஒரே உள் இலைக் கலவையில், கனெக்டிகட் போர்வை ஒன்றும் மதூரோ போர்வை ஒன்றும் பல நிறுவனங்களில் கிடைக்கும். தொடங்குவதற்கு அந்த ஜோடியை விட நல்லது இல்லை. போர்வை என்ன செய்கிறது என்று அதில் நேரடியாகத் தெரிந்துவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கக் கூடாது. முதல் சுருட்டின் நிகோடினும் நாக்கில் ஒட்டிய கசப்பும் இரண்டாவதைப் பற்றிப் பொய் சொல்லும். ஒரு வாரம் இடைவெளி விட்டு, அதே நேரத்தில், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சாதுவான சுருட்டும் காட்டமாகத் தெரியும். கூடக் குடிப்பது தண்ணீர் மட்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறி எல்லாச் சுருட்டும் ஒரே மாதிரி கசக்கும்.

சுருட்டின் ருசி போகப் போக மாறும். எரியாத பகுதியில் தாரும் நிகோடினும் படிந்துகொண்டே வருவதால் கடைசிப் பகுதி எப்போதும் முரடாக இருக்கும். அதனால் மூன்று பங்காகப் பிரித்துக் குறிப்பு எழுதுங்கள். ஒன்றின் முதல் பங்கை மற்றதன் முதல் பங்கோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் காட்டம், கனம், சுவை என்று மூன்று கட்டம் போதும்.

சுவைக் கட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த பொருளை மட்டும் எழுதுங்கள். சிடார் மரத்தை மோந்து பார்க்காதவர் 'சிடார்' என்று எழுதி என்ன பயன்? பாட்டியின் சந்தனப் பெட்டி, வறுத்த வேர்க்கடலை, வெள்ளை மிளகு, புதுச் செருப்பின் தோல், முதல் மழை விழுந்த மண் என்று நினைவுக்கு வருவதை எழுதினால், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்தச் சுருட்டு திரும்பி வரும்.

குறைகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இழுக்கவே வரவில்லை என்றால் அது இறுக்கிச் சுற்றிய கோளாறு. இலை கலவையின் மேல் பழி போடக் கூடாது. சாம்பல் வெள்ளையாக இருந்தால் நல்ல சுருட்டு என்பார்கள், அது பெரும்பாலும் மண்ணில் உள்ள தாதுக்களைச் சொல்வது.

நம் ஊர் வெயிலும் ஒரு சின்னப் பூச்சியும்

ஒப்பீடு கெட்டுப்போக இன்னொரு காரணம் வைத்திருக்கும் முறை. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் வரை காற்று ஈரப்பதம் தேவை. குளிர்சாதன அறையில் திறந்து வைத்தால் காய்ந்து போர்வை வெடிக்கும், கடலோர ஊர் மழைக்காலத்தில் ஊறி எரியாமல் போகும். காற்றுப்புகாத டப்பாவும் கடையில் கிடைக்கும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்றும் போதும், விலை உயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை.

மசாலா டப்பாவில் மஞ்சளையும் மல்லியையும் தூளாக்கும் சிறிய பழுப்பு வண்டைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டைத் துளைப்பதும் அதே வண்டுதான். ஊசி குத்தியது போல வட்டமான ஒரு துளை தெரியும். சுருட்டைத் தட்டினால் மெல்லிய தூள் உதிரும். முட்டை இலைக்குள்ளேயே இருக்கும், வெப்பம் கூடினால் பொரியும். புதிதாக வந்ததைப் பையில் மூடி மூன்று நாள் உறையறையில் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. திடீர்ச் சூட்டில் போர்வை வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஒரு நாள்.

மாமா தெளிந்து எழுந்த பிறகு, அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்த சீட்டைச் செல்போன் வெளிச்சத்தில் படித்தோம். வெளிர் நிறச் சுருட்டு: போர்வை எக்குவடோர் கனெக்டிகட், உள் இலை எஸ்தெலி, லிஹேரோ கூடுதல். கருப்பட்டி நிறச் சுருட்டு: போர்வை மதூரோ, உள் இலை டொமினிகன், பெரும்பகுதி செகோ.